துறையும் பந்தியும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் பரிமாறும் ஒழுங்கு பற்றி ஒரு மறுவாசிப்பு

யாழ்ப்பாணத்துப் பந்தி ஒழுங்கைத் தீட்டின் வரலாறாக மட்டும் வாசிக்கும் வழக்கம் ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு வலுச்சேர்த்தவர்களுள் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் முக்கியமானவர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர், இலங்கையில் கிறித்தவம் பரவிய வரலாற்றை 1850இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்க மிஷன் கல்விக்கூடங்களின் தொடக்க காலத்தில் உயர்சாதி மாணவர்கள் கிறித்தவரின் வளவுக்குள் உண்ண மறுத்தனர். அதனால் அடுத்திருந்த இந்துவின் காணியில் சமையற்கொட்டில் போடவேண்டி வந்தது என்கிறார் அவர். காலப்போக்கில் அந்த மறுப்பு தளர்ந்ததைக் கல்வியின் வெற்றியாகக் காண்கிறார்.

அவர் தரும் செய்தியை ஏற்கிறேன். அதற்கு அவர் கூறும் பொருளை ஏற்கவில்லை. அம்மாணவர்கள் மிஷன் விடுதியில் தங்கியவர்கள். வெள்ளைக்கார ஆசிரியரின் அருகிலிருந்து பாடம் கேட்டவர்கள். சமைப்பவரின் சாதி மட்டுமே தடையாக இருந்திருந்தால், வேளாளச் சமையற்காரர் ஒருவரை வளவுக்குள்ளேயே அமர்த்தியிருக்கலாம். வேலியைத் தாண்டி அடுத்த காணிக்கு ஏன் போகவேண்டும்? அங்கே மாறியது நிலத்துக்குரியவர். ஒருவரின் நிலத்தில் அவர் சோற்றை உண்பது அவரை விருந்தளிப்பவராக ஏற்பதாகும். மாணவர்கள் மிஷனின் பாடத்தை ஏற்றனர், அதன் விருந்தினராக இருக்க மறுத்தனர். வளவே தீட்டுப்பட்டதாகக் கருதியிருக்கலாமே என்ற மறுப்பு எழலாம். அப்படியாயின் அங்கே படுத்துறங்கியதை எவ்வாறு விளக்குவது? தீட்டு இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அது தனித்து இயங்கவில்லை. நிலவுரிமையின் துணையோடே இயங்கியது.

இந்தக் கருத்துக்கு மிகப் பழைய சான்று குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டை கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிக மரக்கலமாயின் பாதிக்குப் பாதி. எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்தக் கணக்கையே. நான் நிற்க விரும்புவது அதற்கு முன்வரும் வாசகங்களில். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், பல துறைகளிலிருந்தும் அவர்கள் இங்கே வந்து கூடவேண்டும் என்று அரசன் முதலில் சொல்கிறான். பங்குக் கணக்கு அதன் பிறகே வருகிறது. வந்தவனை வரவேற்றுக் காக்கும் கடமை நிலத்துக்குரியவனுடையது என்ற ஒழுங்கின் மேல்தான் வரியும் நிற்கிறது.

கல்வெட்டில் சோறு பற்றிய பேச்சு இல்லை. ஆயினும் குதிரை வணிகரைத் துறையில் தங்கச் சொல்லும் அரசன் அவர்களின் உணவைக் கருதாமல் விட்டிருப்பான் என நம்புவது கடினம். காற்றுக்காகக் காத்திருக்கும் கப்பற்காரருக்கு அடுப்பும் நன்னீரும் இல்லாத இடம் துறையாகாது. கல்வெட்டின் ஆண்டைத் துல்லியமாக நிறுவ இயலவில்லை; 1153–1186 என்ற ஆட்சிக்காலத்துக்குள் வைப்பதோடு நிறுத்துகிறேன். அதற்கும் மிஷன் கொட்டிலுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை ஒரே தொடர்ச்சியாகக் கட்டவும் நான் முயலவில்லை.

இந்த வாசிப்பு இருபதாம் நூற்றாண்டைத் தெளிவாக்குகிறது. தேத்தண்ணிக் கடை காசுக்கு விற்கும் பொது இடம். ஆயினும் முதலாளிமார் அதைத் தம் வீட்டுத் திண்ணை போலவே நடத்தினர். ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையும் போத்தலும் நீட்டினர். உடைக்கப்பட வேண்டியிருந்தது விருந்தளிப்பவன் என்ற அந்த அதிகாரமே. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் கடைக்கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த நுழைவுப் போராட்டங்களுமே அவற்றைத் திறந்தன. டெனன்ட் கண்ட மெல்லிய தளர்வு இதற்கு விளக்கமாகாது.

நயினாதீவின் அமுதசுரபி அன்னதானத்தில் சோறிடுபவள் அம்மன். அங்கே உண்பவர் எந்தத் தனியாளின் காணிக்கும் கடன்பட்டவரல்லர். ஆகவே ஒரு பந்தியை ஆராய்பவர் யார் யாரோடு அமர்ந்தார் என்பதற்கு முன், அந்தச் சோறு யார் பெயரால், யார் நிலத்தில் பரிமாறப்பட்டது என்று கேட்கவேண்டும். சமபந்தி நிலைப்பதும் குலைவதும் அந்த விடையைப் பொறுத்ததே.