ஓய்மாநாட்டு வழிநடை

பயணம் செய்யத் தகுந்த நாடு எது என்று கேட்டால் இன்று பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. பனிமலையும் பாலைமணலும் கடற்கரையும் அடர்வனமும் ஒருங்கே அமைந்த நாடு என்பார்கள். இந்தியாவைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களும் இதையே பாடுகின்றன. ஆனால் நிலம் பலவகையாக இருப்பதால் வழிப்போக்கனுக்கு என்ன பயன் என்பதை அவை சொல்வதில்லை. அந்த விடையைத் தேடி இமயம் வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் வடக்கெல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் தொடங்கி, கடலோரமாக மரக்காணம் சென்று, அங்கிருந்து மேற்கே திண்டிவனம் வரை நீளும் சிறு நிலப்பரப்பே போதும். இதற்குச் சங்க காலத்து வழிகாட்டி நூல் ஒன்றும் உண்டு. அது சிறுபாணாற்றுப்படை.

பத்துப்பாட்டுள் ஒன்றான இந்நூல் 269 அடிகளைக் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்கு வடக்கே ஒரு பேரூராட்சியின் பெயராக இன்றும் வாழ்கிறது. ஆகவே மண்ணறிந்த ஒருவர் சொன்ன வழி இது என்று கொள்ளலாம்.

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் வருவது நெய்தல் நிலம். அங்குள்ள ஊரை மதிலோடு பெயர்பெற்ற பட்டினம் என்று மட்டுமே புலவர் குறிக்கிறார். எயில் என்றால் மதில். ஆதலால் அது எயிற்பட்டினம் ஆயிற்று. இன்றைய மரக்காணமே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பரதவர் தேறலும், சுட்ட குழல்மீன் கருவாடும் தருவார்கள். அடுத்தது முல்லை நிலத்து வேலூர். அங்கே எயிற்றியர் சமைத்த இன்புளிச் சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். பின்னர் மருத நிலத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும் உண்டு. இறுதியில் வருவது கிடங்கில். இன்றைய திண்டிவனத்தின் பகுதி.

இவ்வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. புலவர் ஒவ்வொரு நிலத்தையும் அழகுறக் காட்டுகிறார்; ஆனால் அழகோடு நின்றுவிடுவதில்லை. அங்கே யார் வாழ்கிறார்கள், அவர்கள் என்ன உண்கிறார்கள், அதில் வருகிறவனுக்கு என்ன பங்கு என்பதையும் சொல்கிறார். எந்த ஊரும் இன்னொன்றின் உணவைத் தருவதில்லை. தன் மண்ணில் விளைந்ததையே தருகிறது. நிலத்தின் பன்மை விருந்தோம்பலின் பன்மையாக மாறும் இடத்தில்தான் பயணம் பயனுடையதாகிறது. வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய பெருநகரங்களின் கொடையும் நல்லியக்கோடனின் கொடைக்கு முன் சிறிது என்று புலவர் பாடுவது புகழ்மொழிதான். எனினும் சிறுநாடும் பெருநகரத்தை விஞ்சலாம் என்ற நம்பிக்கை அதில் ஒலிக்கிறது.

இச்சிறுநாடு உலகை அறியாததும் அன்று. எயிற்பட்டினத்து அடுப்பில் எரியும் விறகு, அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரம். அது உறங்கும் ஒட்டகம்போல் கிடக்கிறது என்பது உவமை. ஒட்டகம் இக்கரைக்குரிய விலங்கன்று; எனினும் புலவருக்கு அது தெரிந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான பெரிப்ளூஸ் இக்கடற்கரையில் பொதுகே, சோபட்மா என்னும் துறைகளைக் குறிக்கிறது. கோட்டக்குப்பத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு ரோமானியத் தொடர்பை உறுதிசெய்தது. பொதுகே என்பது அதுவே என்பர். சோபட்மாவை மரக்காணத்தோடு இணைப்பாரும் உளர்.

இன்று அவ்வழியில் செல்கிறவன் என்ன காண்கிறான்? 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறும் வரை கோட்டக்குப்பத்தின் தெற்கெல்லை இரு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட எல்லையாக இருந்தது. இன்று அவ்விடத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வண்டிகள் நொடியில் கடந்துவிடுகின்றன. வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் வெயிலில் மின்னும் பாத்திகள். அருகே, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளத் தொழில் ஓய்கிறது. அதே மழையால் கழுவேலி நிறைகிறது, வலசைப் பறவைகள் வருகின்றன. பறவை காண வருகிறவனுக்கு அது நல்ல பருவம்; உப்பளத் தொழிலாளிக்குக் கூலியற்ற பருவம். ஒரே நிலத்தின் இவ்விரு முகங்களையும் காணாதவன் அந்நிலத்தைக் கண்டவனாகான்.

நத்தத்தனாரின் பாணன் வேடிக்கை பார்க்கப் புறப்பட்டவன் அல்லன். அவன் வீட்டில், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவடைத்து உண்கிறார்கள். உப்புக்கும் வழியற்ற அவனைத்தான் இக்கடற்கரையின் வழியே புலவர் நடத்திச் செல்கிறார். பரதவரும் எயினரும் உழவரும் தத்தம் நிலத்தில் நிலைத்து வாழ்ந்ததால்தான் அவனுக்கு வழியெல்லாம் சோறு கிடைத்தது. கடலோரத்தில் விடுதிகளும் வயல்வெளியில் மனைப்பிரிவுகளும் மட்டுமே எஞ்சுமானால், நிலப்படத்தில் நெய்தலும் மருதமும் இருக்கும்; வருகிறவனை எதிர்கொண்டு உண்ணச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.