வானில் விட்ட மிச்சம்

விண்வெளி யுகத்தின் மூத்த பொருளைக் காணப் பொருட்காட்சிச்சாலைக்குச் சென்று பயனில்லை. அது இன்னும் வானத்திலேயே இருக்கிறது. 1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா ஏவிய வான்கார்ட்-1 என்னும் கோள் பம்பளிமாசுப் பழத்தளவே உள்ளது. 1964இல் அதன் குரல் அடங்கிற்று, சுழற்சியோ அடங்கவில்லை. 1957 அக்டோபரில் எழுந்த முதல் ஸ்புட்னிக் மூன்றே திங்களில் எரிந்தொழிந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உயரமே. தாழ்ந்த பாதையில் மெல்லிய காற்றேனும் உண்டு. அது பொருளின் வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கிவிடும். 800 கிலோமீட்டர் உயரத்தில் அவ்வுதவி மிகவும் அரிது. அங்குச் சிதறியவை நம் பேரர் காலத்திலும் சுழலும். 2009 பிப்ரவரி 10 அன்று ஏறத்தாழ அவ்வுயரத்தில்தான் செயலிழந்த ரஷ்யக் கோளும், பணியிலிருந்த அமெரிக்கக் கோளும் மோதி நொறுங்கின.

நம் நாடும் இதற்குப் புறம்பன்று. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் கடமையைச் செவ்வனே முடித்தது. கோள்களை விடுத்த நான்காம் அடுக்கு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. எரிபொருள் எஞ்சியிருந்த அவ்வடுக்கு டிசம்பர் 19 அன்று வெடித்து, 300க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. நாம் வெற்றியெனக் கொண்டாடிய பயணத்தின் மிச்சம் அது! அவற்றுட் பெரும்பாலானவை எரிந்து மறைந்தன. சில 2023 இறுதியிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னர், எஞ்சும் எரிபொருளை வெளியேற்றிவிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டுவது போன்ற எளிய செயல்தான்.

இதனினும் அரிய செயல் ஒன்று 2023இல் நிகழ்ந்தது. வெப்பமண்டல வானிலையை ஆராய இந்தியாவும் பிரான்சும் 2011இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் கோள், பணி முடிந்தபின் 867 கிலோமீட்டர் உயரத்தில் நூறாண்டுக்கு மேல் கிடந்திருக்கும். திட்டமிட்ட இடத்தில் விழுமாறு அது அமைக்கப்பட்டதும் அன்று. எனினும் எஞ்சியிருந்த ஏறத்தாழ 120 கிலோ எரிபொருளைக் கொண்டு, 2022 ஆகஸ்டு முதல் அதனைப் படிப்படியாகத் தாழ்த்தினர். 2023 மார்ச் 7 அன்று மக்கள் வாழாத பசிபிக் கடற்பரப்பின்மேல் அது எரிந்து சிதைந்தது. ஏவுவதற்குக் கிடைக்கும் ஆரவாரம் இறக்குவதற்குக் கிடைப்பதில்லை. ஆயினும் நாம் வியந்து நோக்கத்தக்கது இதுவே.

அவ்வாண்டு ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் காலை 6.30க்கு எழவேண்டிய ராக்கெட் 6.31க்கே எழுந்தது. வழியில் ஒரு கழிவுப்பொருள் குறுக்கிடக்கூடும் என்று கணக்கிட்டு, அந்த ஒரு நிமிடம் காத்திருந்தனர்.