வெஸ்லி என்னும் குடும்பப் பெயர்

நம் சபைகளில் ‘வெஸ்லி’ என்பது ஞானஸ்நானப் பெயராகப் பெரிதும் வழங்கி வருகின்றது. ஆயினும் தொடக்கத்தில் அது ஓர் ஆளின் பெயரன்று. ஓர் இடத்தின் பெயர். பின்னரே அது ஒரு குடும்பத்தின் பெயராயிற்று. அப்பெயர் கடந்துவந்த வழியை அறிவது, அதனைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் நமக்குப் பயன் தருவதாகும்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப் பெயர்கள் அந்நாட்டில் படிப்படியாக நிலைபெற்றன. தொழில், தந்தையின் பெயர், உடற்பண்பு, வாழிடம் ஆகியவற்றினின்று அவை தோன்றின. வெஸ்ட்லி என்பது இடத்தால் வந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘வெஸ்ட்’ என்பது மேற்றிசையையும், ‘லேயா’ என்பது காட்டினிடையே திருத்திய வெளியையும் குறிக்கும். இப்பெயருடைய சிற்றூர் சஃபோக் வட்டாரத்தில் இன்றும் உள்ளது.

ஜான் வெஸ்லியின் முன்னோர் தம் பெயரை வெஸ்ட்லி என்றே எழுதினர். அவருடைய பூட்டனார் பார்த்தலமேயு வெஸ்ட்லியும், பாட்டனார் ஜான் வெஸ்ட்லியும் டார்செட் வட்டாரத்தில் போதகராய் இருந்தவர்கள். மன்னராட்சி மீண்டபின் இருவரும் தம் சபைகளை இழந்தனர். 1662-ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்திற்கு மனச்சான்று இடந்தராமையால் விலக்கப்பட்ட போதகர் பலருள் பாட்டனாரும் ஒருவர். அவர் ஒருமுறைக்கு மேல் சிறையும் புகுந்தார். அவர் மகன் சாமுவேல் ஆங்கிலத் திருச்சபைக்கே திரும்பினார். 1683-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தபோது வெஸ்ட்லி எனப் பதிந்த அவர், பின்னர் இடையிலுள்ள ‘ட்’ ஒலியை நீக்கி வெஸ்லி என எழுதலானார்.

அயர்லாந்தில் மீத் வட்டாரத்து டாங்கன் என்னுமிடத்தில் வேறொரு வெஸ்லி குடும்பம் செல்வத்தோடு வாழ்ந்தது. அதன் பெயர் சாமர்செட் வட்டாரத்திலுள்ள வெல்லெஸ்லி என்னும் ஊர்ப்பெயரின் குறுக்கம். ‘வெல்ஸ் நகரைச் சார்ந்த காட்டுவெளி’ என்பது அதன் பொருள். ஆகவே, ஒலி ஒன்றாயினும் வேர் வேறு. பெயரொற்றுமையை இரத்த உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இவ்விரு குடும்பங்களும் ஒரு கட்டத்தில் நெருங்கின. தம் பெயரையே உடைய சார்லஸ் வெஸ்லி வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்றபோது, அயர்லாந்துச் செல்வர் ஒருவர் அவர் கல்விக்குப் பொருளுதவி அளித்து, தம் வாரிசாக்கவும் விரும்பினார். தந்தை சாமுவேல் முடிவை மகனிடமே விட்டார், மகன் மறுத்தார். அச்செல்வர் டாங்கன் காரட் வெஸ்லியே என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1728-இல் காரட் இறந்தபோது, உறவினரான ரிச்சர்ட் காலி அவருடைய உடைமையோடு வெஸ்லி என்னும் பெயரையும் ஏற்றார்.

அந்த ரிச்சர்டின் பேரர்களே நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற வெல்லெஸ்லி சகோதரர்கள். அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெயரின் பழைய வடிவத்திற்கு மீண்டனர். மூத்தவர் ரிச்சர்ட் 1798 முதல் 1805 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாய் இருந்தார். இளையவர் ஆர்தர், திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார்.

சார்லஸ் மறுத்த உடைமையை வேறொருவர் பெற்றார். சார்லஸோ ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கீர்த்தனைகளைத் திருச்சபைக்குத் தந்தார். வெல்லெஸ்லி என்ற பெயர் நம் நாட்டிற்குப் படையோடும் ஆட்சியோடும் வந்தது. வெஸ்லி என்ற பெயரோ, 1814-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்து, 1817-இல் சென்னை சேர்ந்த ஜேம்ஸ் லிஞ்ச் போன்ற வெஸ்லியன் ஊழியர் வாயிலாகத் தமிழரிடையே பரவியது. 1947-இல் அம்மரபின் தென்னிந்தியச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த பின்னும் அப்பெயர் நம்மிடையே நிலைத்துள்ளது.

இங்கிலாந்தில் இரத்தத்தாலும் உடைமையாலும் இறங்கிய ஒரு பெயரை நம் மக்கள் அவ்விரண்டும் இன்றியே ஏற்றுள்ளனர். எனவே, அப்பெயரைச் சூட்டும் வேளையில், மனச்சான்றின் பொருட்டுத் தம் சபையை இழந்த பாட்டனாரையும், செல்வத்தை மறுத்த பேரனையும் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது போதகராகிய நம் கடமையாகும். அப்பெயரோடு நாம் வழங்கத்தக்க உரிமைச்சொத்து அதுவே.