தூக்குத் தூக்கி: டி. எம். சௌந்தரராஜனின் திருப்புமுனை

1954-இல் வெளியான ‘தூக்குத் தூக்கி’ படத்தில் சிவாஜி கணேசனுக்காகப் பாடிய பாடல்கள், மதுரைப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனைத் தமிழ்த் திரையிசையின் முன்வரிசையில் நிறுத்தின. அதே ஆண்டு ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடியதும் சேர்ந்து, அவரை இரு நாயகர்களுக்கும் உரிய குரலாக்கியது.

பின்னணி

தொகுளுவ மீனாட்சி சௌந்தரராஜன் 1922 மார்ச் 24 அன்று மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தார். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் கருநாடக இசை பயின்றார். அக்கால மதுரையில் எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்குப் பெரும் மோகம் இருந்தது. அவர் நடித்த ‘சிந்தாமணி’ (1937) ஈட்டிய இலாபத்தில் அதே பெயரில் திரையரங்கு ஒன்று எழுந்த ஊர் அது. சௌந்தரராஜனும் பாகவதர் பாணியிலேயே பாடிவந்தார்.

கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த ‘கிருஷ்ண விஜயம்’ அவருக்கு முதல் பட வாய்ப்பைத் தந்தது. 1946-இல் பதிவான பாடல்கள் படத்துடன் வெளிவர 1950 ஆயிற்று. பாகவதரின் சாயல் தெளிவாகத் தெரிந்த அப்பாடல்கள் கவனம் பெற்றாலும், அடுத்த சில ஆண்டுகளில் படத்துக்கு ஓரிரு பாடல்களே கிடைத்தன.

குரல் தேர்வு

‘பராசக்தி’யில் சிவாஜிக்குப் பாடிய சி. எஸ். ஜெயராமனின் குரலே அவருக்குப் பொருந்தும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. சிவாஜியின் விருப்பமும் அதுவே. ‘தூக்குத் தூக்கி’யின் இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் சௌந்தரராஜனைப் பரிந்துரைத்தார். முதலில் சில பாடல்களைப் பதிவு செய்வது, பிடிக்காவிட்டால் வேறு பாடகரை அழைப்பது என்று முடிவாயிற்று. சிவாஜியின் பேச்சைக் கவனித்து, அதன் கனத்தையும் அழுத்தத்தையும் பாட்டில் கொண்டுவந்தார் சௌந்தரராஜன். கேட்ட சிவாஜிக்கு முழு நிறைவு. எஞ்சிய பாடல்களும் அவருக்கே வந்தன.

பி. லீலா, ஏ. பி. கோமளா ஆகியோருடன் பாடிய ‘சுந்தரி சௌந்தரி’ பக்தி சார்ந்தது. ‘ஏறாத மலைதனிலே’ நாட்டுப்புறத் துள்ளல் கொண்டது. ஒரே படத்தில் இரண்டு வகையிலும் குரல் நிலைத்து நின்றதே அவருடைய வெற்றி. பாகவதரின் சாயலும் இங்கே பெரிதும் விலகியது.

விளைவு

‘மலைக்கள்ளன்’ படத்தில் சுப்பையா நாயுடு இசையில் பாடிய ‘எத்தனை காலம்தான்’ எம்.ஜி.ஆரின் கொள்கைப் பாடல்களுக்கு முன்னோடியாயிற்று. நடிகருக்கேற்பக் குரலை மாற்றும் முறை அதன்பின் அவரது அடையாளமானது. சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த ஒலியும் எம்.ஜி.ஆருக்குச் சற்று மேலெழுந்த கூரிய ஒலியும் தந்தார். இதனால், திரையைப் பார்க்காமலேயே பாடுவது எந்த நாயகன் என்று வானொலி நேயர்கள் சொல்ல முடிந்தது.

2003-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சௌந்தரராஜன், 2013 மே 25 அன்று சென்னையில் காலமானார். 2023 ஆகஸ்டில் மதுரை முனிச்சாலைப் பகுதியில் அவருக்குத் தமிழக அரசு சிலை நிறுவியது.