தர்பார் மண்டபத்தில் பாடம் செய்த பறவைகள்

திருச்சிக்குப் போற எங்கட ஆக்கள் அனேகமாக மலைக்கோட்டையில ஏறி, உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு இறங்கிவிடுவினம். 83 மீற்றர் உயரப் பாறை. நானூறுக்கும் மேலே படிகள். இறங்கினால் கால் நோகும், பசிக்கும். அடிவாரத்தில் டவுன் ஹோல் வளாகத்துக்குள்ள ஒரு நூதனசாலை இருக்கெண்டு தேடிப் போறவை குறைவு. போகவேணும்.

அது இருக்கிறது ராணி மங்கம்மாள் மகாலில். பெயர்தான் ராணியுடையது. கட்டினவர் அவவின் கணவர் சொக்கநாத நாயக்கர் என்கிறார்கள். மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினவர் அவர்தான். 1983 இல் தொடங்கிய நூதனசாலை 1997 இல் இந்தத் தர்பார் மண்டபத்துக்கு வந்தது. நாயக்கர் கொலுவிருந்த இடத்தில் இப்போது பாடம் செய்த பறவைகள், விலங்குகள், பாறைத் துண்டுகள், புதைபடிவங்கள். அரசருக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம் எண்டு சிரிப்பு வரலாம். ஆனால் திருச்சியை அடுத்த அரியலூர் டைனோசர் காலத்தில் கடலடியில் கிடந்த நிலம். அந்தக் காலப் பாறை அடுக்குகளில் ஒரு தொகுதியைப் புவியியலாளர்கள் திருச்சியின் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்த ஊரின் மூத்த வரலாறு நாயக்கருடையதில்லை, நத்தையுடையதுதான்.

கோட்டை மதில் 19 ஆம் நூற்றாண்டில் இடிபட்டு, மெயின் காட் கேற் மாதிரிச் சில துண்டுகளே மிச்சம். மண்டபம் தப்பினதுக்குக் காரணம், சண்டை முடிந்த பிறகும் அதுக்கொரு வேலை இருந்தது.

எங்கட கோட்டைகளுக்கும் அந்த வாய்ப்பு ஒருக்கா வந்ததுதான். போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்த பூநகரிக் கோட்டையில் 1805 இல் ஆங்கிலேயர் வாடிவீடு அமைத்தார்கள். ஆனையிறவுக் கோட்டையும் பிறகு வாடிவீடானது. பிரயாணிகள் படுத்தெழும்பின இடங்கள் திரும்பவும் ஆமி காம்ப் ஆகின. ஆனையிறவில் கோட்டை எண்டு காட்ட இப்ப ஒண்டுமில்லை. பூநகரியில் சிதைந்த சுவர்கள் நிற்கின்றன.

இத்தனைக்கும் இயற்கை விஞ்ஞானம் எங்கட கோட்டைகளுக்கு அந்நியமானதில்லை. வன்னியர் ஒல்லாந்தருக்குக் கட்டின திறையே யானைதான். வன்னிக் காட்டில் பிடிச்ச யானைகளைக் களப்பைக் கடத்தி யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கப்பலேத்தின வழி, ஆனையிறவு. காடு, யானை, வணிகம், காவல் எல்லாம் ஒரே கதை. அந்தக் கதையைச் சொல்ல எங்களிட்ட ஒரு கூரை இல்லை.

பூநகரிப் பக்கம் போனால் கோட்டைச் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ. அதில இருக்கிற முருகைக்கல் ஒவ்வொண்டும் ஒரு காலத்தில் கடலுக்குள்ள உயிரோட இருந்தது.