ஐஸ் பெட்டி வந்த வழி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுக்கப்பட்டு, மரத்தூளில் பொதியப்பட்டு, பிரெடரிக் டியூடரின் கப்பல்களில் மாதக்கணக்காகக் கடல் கடந்து, 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழும்பிய ஐஸ் ஹவுஸில் வந்திறங்கிய பனிக்கட்டி, துரைமார்களுக்கும் தனவந்தர்களுக்குமே உரிய அபூர்வ வஸ்துவாக இருந்தது. இயந்திரத்தால் ஐஸ் செய்யும் வித்தை பரவிய பின்னரே அது சாமானிய ஜனங்களின் நாவை எட்டியது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களுக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் குச்சி ஐஸ்காரர். மிதிவண்டியின் பின்னே கட்டிய மரப்பெட்டியின் மூடியை அவர் படார் படாரென்று அடிக்கும் ஓசை கேட்டதும், பருத்திக் காட்டில் களைவெட்டும் தாயின் முந்தானை முடிச்சுக் காசைத் தேடிக் குழந்தைகள் ஓடுவர். அந்தக் குச்சி ஐஸில் இருந்தவை தண்ணீரும் சர்க்கரையும் சாயமுமே. எனினும் சித்திரை வெயிலில் அது அளித்த ஆனந்தத்தை நான் குறைத்து மதிப்பிடேன்.

ஆயினும், உடற்பருமன் நீங்கும்பொருட்டு இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பாகத்தை அகற்றும் ஸ்லீவ் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, சில வாய் உணவிலேயே நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சேர வேண்டியிருப்பதாலும், மிகுந்த சர்க்கரை குமட்டலையும் தலைசுற்றலையும் விளைவிக்கக்கூடுமாதலாலும், அந்தப் பழைய ஐஸ் ஆகாது. மருத்துவர் இசைந்த பின், துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரோடு விதை நீக்கிய கொய்யா விழுதையும் புரதப் பொடியையும் சேர்த்துக் கடைந்து, அச்சில் ஊற்றிக் குச்சி செருகி உறையவைத்தால், வெறுந்தண்ணீர் ஐஸைப் போலக் கல்லாக இறுகாமல், பல் பட்டதும் மசியும்.