காயப்பட்டவருக்கு வேகம் மட்டும் போதாது

 

அம்பியூலன்ஸ் என்றதும் எமக்கு ஞாபகம் வருவது சைரன் சத்தமும் வேகமும்தான். உள்ளே படுத்திருப்பவருக்கு அதே அளவு முக்கியமான இன்னொன்று உண்டு: குலுங்காமல் போய்ச் சேர்வது. இதற்காக மனிதர்கள் இருநூறு வருடங்களுக்கும் மேலாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியையும் நெப்போலியனையும் நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். அந்தப் படையில் இருந்த டொமினிக் ஜோன் லாரே என்ற சத்திரசிகிச்சை வைத்தியரைப் பற்றிப் பேசுவது குறைவு. 1792 இல் அவர் ரைன் நதிப் பக்கம் போன படையில் சேர்ந்தார். அன்றைய விதிப்படி வைத்திய வண்டிகள் போர்க்களத்துக்கு ஒரு லீக் தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். அது ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். சண்டை ஓய்ந்த பிறகுதான் காயப்பட்டவர்களைத் தேடி வருவார்கள். அதற்குள் பலர் இறந்துவிடுவார்கள்.

குதிரை பூட்டிய பீரங்கிகள் களத்தில் விரைந்து இடம் மாறுவதை லாரே பார்த்தார். காயப்பட்டவர்களுக்கும் அப்படியொரு வண்டி வேண்டும் என்று நினைத்தார். 'பறக்கும் அம்பியூலன்ஸ்' அப்படித்தான் பிறந்தது. வேகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வண்டிப் பெட்டியை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். உள்ளே மெத்தை போட்டார், காற்று வர ஜன்னல் வைத்தார். 1798 இல் நெப்போலியனின் படை எகிப்துக்குப் போனபோது மணலில் சில்லு ஓடாது என்று கண்டு, ஒட்டகத்தின் இரு பக்கமும் பெட்டிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் காயப்பட்டவர்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். ஜெனரலா சிப்பாயா என்று பாராமல், காயம் கடுமையானவருக்கே முதலில் சிகிச்சை என்ற ஒழுங்கை நிலைநாட்டியவரும் அவர்தான்.

அந்தப் பாடத்தை உலகம் சீக்கிரம் மறந்தது. 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதலில் இரண்டு சில்லு வண்டிகளைப் பெரிதாக நம்பினார்கள். அவை குலுக்கிய குலுக்கலில் சிப்பாய்கள் அவற்றுக்குப் 'பனிச்சரிவு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் நான்கு சில்லு வண்டிகள்தான் நிலைத்தன.

குலுக்கல் வெறும் அசௌகரியம் அல்ல, ஆளைக் கொல்லும் என்பதை முதலாம் உலகப் போர் காட்டியது. தொடை எலும்பு முறிந்தவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது முறிந்த முனைகள் உள்ளே அசையும். இரத்தம் கசியும், அதிர்ச்சி நிலை வரும், பலர் வழியிலேயே இறந்துபோவார்கள். ஹியூ ஓவன் தோமஸ் உருவாக்கிய கால் சட்டத்தை அவருடைய மருமகன் ரொபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுவந்தார். காலை அசையாமல் கட்டியதும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. வழியில் அசையாமல் வைத்திருப்பதும் வைத்தியம்தான்.

இனி வண்டிக்கு வருவோம். இரும்பு ஸ்பிரிங்கில் ஒரு சிக்கல் உண்டு. முழுப் பாரத்தையும் தாங்கும் அளவுக்கு அதைப் பலமாகச் செய்ய வேண்டும். பாரம் குறைந்தால் அது வளைந்து கொடுக்காது. வெறும் லொறியின் பின்பக்கத்தில் ஏறிப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று ஸ்பிரிங் அப்படியல்ல. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இறப்பர் பை ஒன்று இருக்கும். பாரம் கூடினால் கொம்பிரசர் காற்றை ஏற்றும், குறைந்தால் வால்வு காற்றை வெளியே விடும். ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் வண்டியின் உயரமும் மென்மையும் பெரிதாக மாறாது.

1953 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் இதைத் தன் பஸ்களில் பொருத்தியது. 1955 இல் பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனம் எண்ணெயையும் நைதரசன் வாயுவையும் சேர்த்து இயங்கும் சஸ்பென்ஷனோடு டீஎஸ் காரை அறிமுகம் செய்தது. அதன் நீண்ட உடல் கொண்ட வகை பிரான்ஸில் அம்பியூலன்ஸாகவும் ஓடியது. லாரேயின் நாட்டிலேயே அவருடைய எண்ணம் மறுபடி உயிர்பெற்றது என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. அங்கே நீண்ட காலம் அம்பியூலன்ஸ் ஓட்டியவர்களில் பலர் மையவாகனம் வைத்திருந்தவர்கள். கடிலாக் காரின் அடித்தளத்தில் கட்டிய அந்த வண்டிகள் மெத்தென்று போகும். ஆனால் உள்ளே நிமிர்ந்து நின்று சிகிச்சை செய்ய இடமில்லை. வழியிலேயே சிகிச்சை வேண்டும் என்ற குரல், 1966 இல் தேசிய விஞ்ஞான அகடமியின் அறிக்கைக்குப் பிறகு ஓங்கியது. 1974 இல் மத்திய அரசு அம்பியூலன்ஸுக்கான தர விதிகளை வெளியிட்டது. வேன்களும் லொறிச் சட்டங்களும் இடம்பிடித்தன. இடம் கிடைத்தது, மென்மை போனது. அந்த மென்மையைத் திருப்பிக் கொண்டுவரத்தான் இன்று பல அம்பியூலன்ஸ்களின் பின் அச்சில் காற்றுப் பை பொருத்துகிறார்கள். நோயாளி படுத்திருப்பது பெரும்பாலும் அந்த அச்சுக்கு மேலேதான்.

இதனால் யாருக்கு என்ன நன்மை? முள்ளந்தண்டு அடிபட்டவருக்கும் இன்கியுபேட்டரில் போகும் குறைமாதக் குழந்தைக்கும் குலுக்கல் குறையும். ஓடும் வண்டியில் ஊசி ஏற்றுபவரின் கை நடுங்காது. காற்றை விட்டுப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் ஸ்ட்ரெச்சரை ஏற்றுபவர்களின் இடுப்பு தப்பும்.

செலவும் உண்டு. பை கசியும், வால்வு பழுதாகும். 1957 இல் காற்று ஸ்பிரிங்கோடு வந்த கடிலாக் கார்களில் கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் இரும்பு ஸ்பிரிங்குக்கே மாறினார்கள். பராமரிக்க ஆளும் உதிரிப்பாகமும் இல்லாத இடத்தில் இது சுமையாகவே முடியும்.

எங்கள் ஊர்களுக்கு ஓர் அம்பியூலன்ஸ் அன்பளிப்பாக வந்தால் ரிபன் வெட்டிப் படம் எடுக்கிறோம், நல்லதுதான். அதோடு இரண்டு கேள்விகளையும் கேட்போம். பின் அச்சில் என்ன ஸ்பிரிங்? அதைப் பராமரிப்பது யார்? எங்கள் பாதைகளில் அந்த வண்டிக்குள் படுத்துப் போகப்போவது நாமோ எங்கள் உம்மாவோதான்.